நங்கூரக் கயிறு விலாவில் வேண்டாம்

கயாக்கில் போய் மீன் பிடிக்கும் வாசகர்கள் இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். யார் எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி நங்கூரத்தில்தான் வந்து நிற்கிறது. தூண்டில், இரை பற்றிய கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

கேள்வி: மேலே உட்கார்ந்து ஓட்டும் பத்தடி பிளாஸ்டிக் கயாக் வாங்கியிருக்கிறேன். முட்டுக்காடு பக்கம் கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறேன். காற்று ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. ஐந்து கிலோ டம்பெல்லைக் கயிற்றில் கட்டி, இருக்கைக்குப் பக்கத்துக் கைப்பிடியில் முடிந்து போட்டேன். ஒரு விசைப்படகு கடந்து போன அலையில் கயாக் சாய்ந்து தண்ணீர் மடிவரை வந்துவிட்டது. குறைந்த செலவில் நானே செய்துகொள்ள வழி உண்டா? (வாசகர், கேளம்பாக்கம்)

பதில்: தம்பி, டம்பெல்மேல் தப்பில்லை. கயிறு கட்டிய இடம்தான் தப்பு. உங்கள் கயாக்கின் அகலம் முக்கால் மீட்டர் சொச்சம் இருக்கும். அதன் விலாவில் கயிறு கட்டினால், கீழே இழுக்கும் விசை முழுக்க அந்த ஒரு பக்கத்தில் இறங்குகிறது. நீரோட்டமும் அலையும் அதே விலாவில் வந்து மோதுகின்றன. மூன்றும் சேர்ந்தால் கவிழ்வதற்கு உள்ளங்கை அளவு அலை போதும். கயிறு அணியத்தில், அதாவது முன்மூக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்மூக்கில். நடுவில் எக்காரணம் கொண்டும் கூடாது.

சரி, மூக்கில் கட்டிவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாதே? அதற்காகத்தான் விலா நெடுக ஓடுகிற ஒரு கயிற்றுச் சுற்று. எங்கள் பட்டறைக்கு வரும் கயாக்குகளில் நான் முதலில் போட்டுக் கொடுப்பது இதைத்தான். முன்மூக்கில் ஒரு சிறிய கப்பி, பின்மூக்கில் ஒரு கப்பி. இரண்டுக்கும் நடுவே 4 மில்லி பின்னல் கயிற்றைப் போகவும் வரவுமாக ஓட்டி, அதன் இரு முனைகளையும் ஒரு ஸ்டீல் வளையத்தில் முடிந்துவிடுங்கள். மேல் கயிற்றை இழுத்தால் வளையம் முன்னே போகும், கீழ்க் கயிற்றை இழுத்தால் பின்னே வரும். நங்கூரத்தோடு இணையும் ஒரு தனிக்கயிறு (அதைப் பின்னால் சொல்கிறேன்) அந்த வளையத்துக்குள் நுழைந்து உங்கள் கைக்கு வருகிறது. இருந்த இடத்தில் இருந்தபடியே நங்கூரத்தை மூக்குக்கு அனுப்பலாம், திரும்ப வரவழைக்கலாம்.

கப்பி மாட்ட ஓட்டை போட அவசரப்படாதீர்கள். இரண்டு முனையிலும் தூக்குவதற்குக் கைப்பிடி இருக்குமே, அதில் சாண் நீள எலாஸ்டிக் கயிற்றால் கப்பியைக் கட்டித் தொங்கவிட்டாலே போதும். அந்த எலாஸ்டிக்கே சுற்றுக் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ளும். ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டு, பின்பக்கம் நட்டு முடுக்க இடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு டிரில்லைத் தொடுங்கள். போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகத்தைவிட உப்புத் தண்ணீரை அது நன்றாகத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதுதான் காரணம். உள்ளே அகலமான வாஷர் வைத்து நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தளராத நட்டு) போடுங்கள். பசை வைத்து ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கயாக் செய்கிற பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது.

இனி நான் சொல்லப்போவதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்து பயனில்லை. நங்கூரத்தை ஒரே கையால், ஒரே நொடியில் கழற்றிவிட முடிய வேண்டும். நங்கூரக் கயிற்றை நேராகக் கயாக்கில் கட்டாதீர்கள். கயிற்றை ஒரு மிதப்பில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மீன் வலையில் கோக்கும் மிதப்பு, இறுக மூடிய இரண்டு லிட்டர் பாட்டில், எதுவானாலும் சரி. வேண்டிய நீளத்தை அந்தச் சுருளிலிருந்து விட்டதும் கயிற்றை மிதப்பில் ஒரு கொக்கியால் பூட்டுங்கள். அந்த மிதப்பிலிருந்து ஐந்து மீட்டர் தனிக்கயிறு ஒன்று கிளம்பி, வளையத்துக்குள் நுழைந்து, உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளீட்டில், அதாவது முடிச்சில்லாமல் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடியில் வந்து சிக்கி நிற்க வேண்டும். மிதப்பு வளையத்துக்கு வெளியே, தண்ணீர்ப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். உள்பக்கம் இருந்தால், விடுவிக்கும்போது வளையத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தனிக்கயிற்றின் கைமுனையில் முடிச்சே இருக்கக் கூடாது. நுனி பிரியாமல் நெருப்பில் காட்டி உருக்கி, கட்டை விரலால் உருட்டிப் பார்த்து, வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று சோதித்துவிடுங்கள். நிறையப் பேர் கயிறு நழுவிவிடுமே என்று அங்கே ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அந்த முடிச்சுதான் ஆளை மாட்டிவிடும்.

இப்படி அமைத்துவிட்டால், பெரிய படகு நேரே வந்தாலோ பெரிய மீன் சிக்கி இழுத்தாலோ கிளீட்டிலிருந்து கயிற்றை உருவிவிட்டால் போதும். நங்கூரம் கீழே கிடக்கும், மிதப்பு மேலே அடையாளம் காட்டும். ஆற அமர வந்து எடுத்துக்கொள்ளலாம்.

போடும் வரிசையும் முக்கியம். வளையம் உங்கள் பக்கத்தில் இருக்கும்போது நங்கூரத்தைக் கையால் மெல்ல இறக்குங்கள், வீச வேண்டாம். தரை தொட்டதும் கயிற்றை விட்டு, மிதப்பில் பூட்டி, தனிக்கயிற்றை இரண்டு மூன்று மீட்டர் விட்டுக் கிளீட்டில் மாட்டி, உடனே வளையத்தை மூக்குக்கு ஓட்டிவிடுங்கள். எடுக்கும்போது இதையே தலைகீழாக. முட்டுக்காட்டில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில், கடல் வற்றும் நேரத்தில் வாயருகே நங்கூரமே போடாதீர்கள். அங்கே இழுப்பு வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவை ஊற்றி மூன்று கிலோ நங்கூரம் செய்தேன். கரையில் கனமாக இருக்கிறது, தண்ணீரில் போட்டால் நிற்காமல் உருண்டு வருகிறது. ஏன்? (வாசகி, காரைக்கால்)

பதில்: கான்கிரீட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டரை மடங்குகூட இல்லை அம்மா. கடலில் இறங்கியதும் எடையில் நூற்றுக்கு 40-க்கு மேல் குறைந்துவிடும். உங்கள் மூன்று கிலோ அங்கே 1.7 கிலோதான். இரும்பு என்றால் 13 சதவீதம்தான் குறையும். ஆனால் நங்கூரம் நிற்பது எடையால் மட்டும் அல்ல, கொக்கி தரையைக் கவ்வுவதால்தான். வெல்டிங் பட்டறையில் 10 மில்லி கம்பியில் ஒன்றரை அடி நீளத் துண்டு நான்கு வெட்டச் சொல்லுங்கள். நான்கையும் சேர்த்துப் பிடித்து முக்கால் அடிக்கு மேல் பற்றவைத்து, மீதியை நாலு திசையிலும் வளைத்துவிட்டால் நாலு கொக்கி. மேல்முனையில் ஒரு வளையம், அடியில் ஒரு வளையம். கம்பி மீட்டருக்கு 617 கிராம் என்பதால் மொத்தம் 1.2 கிலோவுக்குள் முடிந்துவிடும். அதோடு ஒரு மீட்டர் 6 மில்லி சங்கிலி கோத்துக்கொண்டால் இன்னும் 800 கிராம் கூடும். கம்பி வெட்டிய முனைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள், கயாக்கின் அடியைக் கீறாமல் இருக்கும்.

கேள்வி: ஆழம் மூன்று மீட்டர் என்றால் கயிறு எவ்வளவு விட வேண்டும்? (வாசகர், கடலூர்)

பதில்: காற்று அமைதியாக இருந்தால் ஆழத்தைப் போல் மூன்று மடங்கு, 9 மீட்டர். வாடை அடித்தால் ஐந்து மடங்கு, 15 மீட்டர். பெரிய படகுகளுக்கு ஏழு மடங்கு என்று கணக்கு வைப்பார்கள். கயிறு செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அலையும் கொக்கியை மேலே தூக்கிப் பிடுங்கிவிடும். நீளமாக விட்டால் இழுப்பு தரையோடு போகும், கொக்கி இன்னும் உள்ளே இறங்கும். சங்கிலி சேர்ப்பதும் இதற்காகத்தான். கயிறு 6 மில்லி நைலான் அல்லது பாலியஸ்டர் பின்னலாக இருக்கட்டும். 3 மில்லியே கயாக்கைத் தாங்கும், ஆனால் ஈரக் கையில் இழுத்துப் பாருங்கள், உள்ளங்கையை அறுத்துவிடும். பாலிபுரொப்பிலீன் கயிறு மலிவு, ஆனால் அது மிதக்கும். அடுத்தவர் எஞ்சின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: பாறைப் பக்கம் போட்ட நங்கூரம் சிக்கிக்கொண்டு, இரண்டு முறை கயிற்றை அறுத்துவிட்டு வந்தேன். தப்பிக்க வழி சொல்லுங்கள். (வாசகர், மணமேல்குடி)

பதில்: சங்கிலியை நங்கூரத்தின் மேல் வளையத்தில் மாட்டாதீர்கள். அடி வளையத்தில், கொக்கிகள் பிரியும் இடத்தில் ஷாக்கிள் (திருகாணி உள்ள U வடிவக் கொளுவி) போட்டு மாட்டுங்கள். பிறகு சங்கிலியைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் மெல்லிய நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். சாதாரணமாக இழுக்கும்போது நூல் தாங்கும், நங்கூரம் வழக்கம்போல வேலை செய்யும். சிக்கிக்கொண்டால் கயாக்கை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுபோய், கயிற்றை மூக்கில் வைத்தபடி வெடுக்கென்று இழுங்கள். நூல் அறுந்து இழுப்பு அடி வளையத்துக்கு மாறும். கொக்கி போன வழியே பின்னால் உருவிக்கொண்டு வந்துவிடும். நூல் எவ்வளவு தடிமன் என்பதைக் கரையிலேயே இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். காற்றுக்கு அறக் கூடாது, உங்கள் கைக்கு அற வேண்டும்.

உங்கள் கடற்கரைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணமேல்குடி கடலடியில் இருப்பது பெரும்பாலும் கடற்புல். தஞ்சை, புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே அந்தப் புல்லை நம்பித்தான். நாலு கொக்கி நங்கூரம் இழுபட்டால் புல்லை வேரோடு உழுதுவிடும், அந்தத் தழும்பு மூட வருடக்கணக்காகும். தண்ணீர் தெளிந்திருக்கும்போது எட்டிப் பார்த்து, வெண்மணல் திட்டில் மட்டும் இறக்குங்கள். இரால் குஞ்சும் நண்டும் ஒதுங்குகிற இடம் அந்தப் புல். அதைக் கிளறிவிட்டு அங்கேயே மீன் வரவில்லை என்று காத்திருக்க நமக்கு நியாயம் இல்லை. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப் பாறைகளில் நங்கூரம் என்ற பேச்சே வேண்டாம், அது தேசியப் பூங்கா.

கேள்வி: பழவேற்காடு ஏரியில் நங்கூரம் தேவையா, கழி போதுமா? (வாசகர், பொன்னேரி)

பதில்: கழியே போதும். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். முனை சீவிய எட்டடி மூங்கிலைச் சேற்றில் குத்தி, கப்பிச் சுற்றின் வளையத்திலிருந்து வரும் அதே தனிக்கயிற்றை அதில் மாட்டுங்கள். சத்தம் இல்லாத வேலை, மீன் கலையாது. ஆனால் எங்கே குத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் குத்துங்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் ஊர்க்காரர்கள் பாடு முறைப்படி முறைவைத்து வலை கட்டுகிறார்கள். ஒருவருக்கு அந்த இடம் கிடைப்பதே அவருடைய முறை வரும் நாளில்தான். பொழுதுபோக்குக்குப் போகிற நாம் அங்கே நின்றால் அவருடைய அன்றைய கூலி போச்சு.

கேள்வி: ஐயா, நான் கனடாவில் இருக்கிறன். ட்ரென்ட் ஆற்றில் பிக்கரல் பிடிக்கக் கயாக்கில் போறனான். அணைக்குக் கீழே தண்ணி வேகமாகப் போகுது. எவ்வளவு பாரமான நங்கூரம் போட்டால் நிற்கும்? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: பாரத்தைக் கூட்டக் கூட்ட ஆபத்துத்தான் தம்பி கூடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் கயாக்கின்மேல் அதன் தள்ளல் நான்கு மடங்காகிறது. நங்கூரம் அசையாமல் நின்றால், அந்தத் தள்ளல் முழுக்க மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தும். துடுப்புப் போட்டு எதிர்த்து முன்னேற முடியாத ஓட்டத்தில் நங்கூரமே போடக் கூடாது. கரையோரம் சுழன்று நிற்கும் மந்தமான தண்ணீரைத் தேடிப் போய்ப் போடுங்கள். பிக்கரலும் வேக ஓட்டத்தின் விளிம்பில் ஒதுங்கி நிற்கிற மீன்தான்.

உங்கள் ஊரில் வசந்தகாலத் தண்ணீரின் குளிரை மறக்காதீர்கள். மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: உறைகுளிர் நீரில் விழுந்தால் மூச்சைச் சமாளிக்க 1 நிமிடம், கைகால் பயன்படுவது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் விறைத்த விரலால் ஈர முடிச்சை அவிழ்க்க முடியாது. அதனால்தான் கிளீட்டும் முடிச்சில்லாத கைமுனையும். லைஃப் ஜாக்கெட்டின் மார்பில் ஒரு கத்தி இருக்கட்டும், பெட்டிக்குள் இருக்கும் கத்தி உதவாது. கோடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால் மட்டும் கயிற்றை உருவி விடப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆழத்தில் நங்கூரம் எட்டாத இடத்தில் என்ன செய்வது? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். தடித்த தார்ப்பாய்த் துணியில் வாய் ஒன்றரை அடி அகலம் வருமாறு கூம்பு தைத்து, நுனியில் கைமுஷ்டி அளவு ஓட்டை விடுங்கள். வாயைச் சுற்றி நாலு கயிறு கட்டி ஒன்றாகச் சேர்த்து அதே வளையத்து வழியே விட்டால், கூம்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கயாக்கை இழுத்து நிறுத்தப் பார்க்கும். மூக்கு காற்றைப் பார்த்தே நிற்கும். கூம்பின் நுனியிலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை உங்கள் கைக்கு எடுத்து வைத்துக்கொண்டால், அதை இழுத்ததும் கூம்பு கவிழ்ந்து காலியாகிவிடும்.