சிறையைக் கட்டிய நல்லவர்கள்

கேள்வி: சிறைச்சாலையும் மனநோய் விடுதியும் நல்லெண்ணத்தில் பிறந்தவை என்று போன இதழில் எழுதியிருந்தீர்களே, நம்பும்படியா இருக்கிறது?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

அது என் சரக்கில்லை. டேவிட் ராத்மன் என்ற அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் 1971-ல் எழுதிய ‘தி டிஸ்கவரி ஆஃப் தி அசைலம்’ புத்தகம் சொல்வது. 1820, 30களில் அமெரிக்காவில் திடீரென்று இத்தனை சிறைகளும் மனநோய் விடுதிகளும் அநாதை இல்லங்களும் ஏன் முளைத்தன என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு முன் திருடனுக்கு அபராதம், சவுக்கடி, கைகாலை மாட்டி நிறுத்தும் தொழுமரம், முற்றினால் தூக்கு. ஜெயில் என்பது பெரும்பாலும் விசாரணை முடியும்வரை பூட்டி வைக்கிற இடம். சித்தம் கலங்கியவரை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். நாதியில்லாவிட்டால் ஊர்ப் பணத்தில் அக்கம்பக்கத்து வீட்டில் சோறு. வெளியூர் ஏழை என்றால் எல்லை தாண்டித் துரத்திவிடுவார்கள். பழைய காலம் பொற்காலம் என்று ராத்மன் எங்கும் சொல்லவில்லை.

அப்புறம் ஊர்கள் பெருத்தன, யார் யாரென்று தெரியாமல் போயிற்று, பெரிய மனிதர்களுக்குப் பயம் வந்தது. நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையில் கைதிகளின் கதையைக் கேட்டு எழுதியே வைத்தார்கள். அப்பன் குடிகாரன், தாய் இல்லை, தொழில் பழகப் போன இடத்திலிருந்து ஓடிவந்தவன்... கெட்ட சகவாசமே எட்டாத கட்டடம் ஒன்று இருந்தால் ஆள் திருந்திவிடுவான் என்று முடிவுகட்டினார்கள்.

பிலடெல்பியாவில் 1829-ல் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையைப் பாருங்கள். ஆளுக்கொரு அறை, அதை ஒட்டி ஆளுக்கொரு குட்டி முற்றம். நெசவோ செருப்புத் தையலோ அறைக்குள்ளேயே. வெளியே நடத்திக்கொண்டு போனால் தலையில் முகமூடி. பக்கத்து அறைக்காரன் முகம்கூடத் தெரியக் கூடாது. ஆபர்னில் பகலில் சேர்ந்து வேலை, ஆனால் வாய் திறந்தால் அடி. எது உசத்தி என்று இரு தரப்பும் வருடக்கணக்கில் துண்டறிக்கைச் சண்டை போட்டன. இப்படி அடைத்து வைக்கத்தான் வேண்டுமா என்று மட்டும் அந்தச் சண்டையில் யாரும் கேட்கவில்லை. புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1842-ல் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைக்குப் போய்ப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட இந்தத் தனிமை கொடியது என்று எழுதினார். ஆனாலும் அந்தச் சிறை 1971 வரை ஓடியது.

கேள்வி: சங்கிலியில் கிடந்த மனநோயாளிகளுக்கு மருத்துவமனை மேல்தானே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

மேல்தான். டோரதியா டிக்ஸ் என்ற அமெரிக்கச் சீர்திருத்தவாதி 1843-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குக் கொடுத்த மனுவைப் படித்தால் வயிறு கலங்கும். மனநோயாளிகளைக் கூண்டிலும் நிலவறையிலும், சங்கிலி போட்டு, துணிகூட இல்லாமல் வைத்திருந்தார்கள். சிக்கல் அதற்கு அப்புறம் வந்தது. புது விடுதிகளின் கண்காணிப்பாளர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு குணம் என்கிற மாதிரி ஆண்டறிக்கை எழுதினார்கள். பிளினி ஏர்ல் என்ற மருத்துவர் பின்னால் அந்தக் கணக்கைக் கிளறினார். குணமாகிப் போய், திரும்பி வந்து, மறுபடி குணமான ஒரே ஆளை ஒவ்வொரு முறையும் புதுக் கணக்காகச் சேர்த்திருந்தார்கள்! அதற்குள் விடுதிகள் நிரம்பி வழிந்தன. குணப்படுத்தக் கட்டிய இடம் பூட்டி வைக்கிற இடமாயிற்று. மூடத்தான் ஆளில்லை, நோக்கம் நல்லது என்ற ஒன்றே அதைக் காப்பாற்றியது.

கேள்வி: அமெரிக்கக் காரணம் அமெரிக்காவுக்கு. சென்னையில்?
- இன்னொரு வாசகர், வேலூர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வாலண்டைன் கானலி 1794-லேயே மனநோய் விடுதி தொடங்கிவிட்டார். கீழ்ப்பாக்கத்துக்கு அது 1871-ல்தான் வந்தது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் அதே காலத்தில் விடுதிகள் எழுந்தன. அமெரிக்கப் பெரிய மனிதர்களின் பயத்தை மட்டும் வைத்து இதையெல்லாம் விளக்க முடியாது. பிரிட்டனைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் ஆண்ட்ரூ ஸ்கல் சந்தைப் பொருளாதாரத்தைக் காரணம் காட்டினார். எனக்கு அதில் பாதி ஒப்புதல்.

கேள்வி: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?
- மதுரை மாணவி

ராத்மன் புத்தகத்தின் சிறை பற்றிய அத்தியாயங்களிலிருந்து. முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் அவரே எழுதி 1980-ல் வந்த ‘கான்ஷியன்ஸ் அண்ட் கன்வீனியன்ஸ்’; பரோலும் நன்னடத்தைக் கண்காணிப்பும் எப்படித் தடம்புரண்டன என்பது அதில் இருக்கிறது.