அலாரம் அடிக்கும்போது பேச்சு நின்றுவிடுகிறவர்

கேள்வி: அனல் மின் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். 210 மெகாவாட் யூனிட். பாய்லர் டெஸ்க் (கொதிகலனை இயக்கும் மேசை) பார்க்கும் இளம் பொறியாளர் ஒருவர், தனக்கு ஆட்டிசம் இருப்பதை மருத்துவர் உறுதி செய்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னார். கெட்டிக்காரர். டிரம் லெவல், அதாவது பாய்லர் டிரம்மின் நீர்மட்டம், சரியத் தொடங்குவதை அலாரம் அடிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சென்ற மாதம் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப் ஒன்று டிரிப் ஆகி (தானாக நின்று) போனபோது எல்லோரும் கத்த, அவர் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டார். யூனிட் டிரிப் ஆகாமல் தப்பியது. இப்போது அவரைப் பகல் நேர அலுவலகப் பணிக்கு மாற்றலாம் என்று மேலதிகாரிகள் சொல்கிறார்கள். என் பரிந்துரையைக் கேட்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என்ன எழுதுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பரிந்துரை எழுதும் முன் அன்றைய நிகழ்வுப் பதிவை அச்செடுத்துப் பாருங்கள். எந்த வால்வு எந்த நொடியில் நகர்ந்தது, எந்த டெஸ்க்கிலிருந்து எந்தக் கட்டளை போனது என்பதெல்லாம் அதில் நேரத்தோடு இருக்கும். வாய் திறக்கவில்லை, சரி. கை என்ன செய்துகொண்டிருந்தது? யூனிட் தப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லோடை, அதாவது மின் உற்பத்தி அளவை, குறைத்தது யார்? டிரம் லெவலைப் பிடித்து நிறுத்தியது யார்? அவர்தான் என்று பதிவு காட்டினால் இந்தக் கடிதத்துக்கே அவசியமில்லை. முக்கியமான நேரத்தில் கை நின்றுபோனதாகக் காட்டினால், எந்த இடத்தில் நின்றது என்பதாவது தெரியும். அதுவரை, கூட நின்று கத்தியவர்களின் ஞாபகத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "எல்லோரும் கத்த" என்ற இடம்தான். அதை மழை பெய்தது என்பதுபோல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் பலருக்கு ஒரு விஷயம் பொது: தேவையில்லாத சத்தத்தை மூளை தானாகத் தள்ளிவைப்பதில்லை. அலாரம், வாக்கி டாக்கி, ஹாட்லைன், முதுகுக்குப் பின்னால் நான்கு குரல்கள் எல்லாம் ஒரே உரப்பில் உள்ளே வருகின்றன. அப்போது சிலருக்கு முதலில் நின்றுபோவது பேச்சு. வேலை தெரியாததால் வரும் மௌனம் அல்ல அது.

மற்றவர்கள் மட்டும் அந்தச் சத்தத்தில் நன்றாக வேலை செய்கிறார்களா என்ன? 1994 ஜூலை 24 அன்று, வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் அருகே ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்து குவிந்த அலாரங்கள் 275. அவற்றில் எது உயிர்நாடி, எது வெறும் கூச்சல் என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடிந்திருக்காது. தொழிற்சாலைக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் சங்கமான பிரிட்டனின் இஇஎம்யூஏ அமைப்பு 191ஆம் எண் வழிகாட்டியில் ஓர் அளவு வைத்திருக்கிறது: சாதாரண நேரத்தில் ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக் கூடாது, பெரிய கோளாறு வந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் அறையில் ஒரு ஷிஃப்டில் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பழுதுபார்க்கக் கழற்றிவைத்த பம்ப்பின் அலாரம் வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். எல்லையில் ஊசலாடும் ஏதோ ஓர் அளவு அடித்து அடித்து ஓயும். எல்லோரும் திரையைப் பார்க்காமலே, 'பார்த்துவிட்டேன்' என்று சொல்லும் அக்னாலட்ஜ் பொத்தானை அமுக்கப் பழகியிருப்பார்கள். அப்படிப் பழகாதவர் உங்கள் இளைஞர் ஒருவர்தானோ என்று எனக்குச் சந்தேகம். கருவிப் பிரிவோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் குறையுங்கள். இதற்கு அவருடைய பெயரை எங்கும் சொல்ல வேண்டியதில்லை.

அலாரத்தைக் குறைக்க மாதக்கணக்கில் ஆகும். பேச்சை நாளைக்கே மாற்றலாம். கோளாறு வந்தால் டெஸ்க்கிடம் பேசுகிறவர் ஒருவர் மட்டும், அது நீங்கள். மற்றவர்கள் உங்களிடம் சொல்லட்டும். "பம்ப் போச்சா, ஸ்டாண்ட்பை பம்ப் எடுத்தியா, லோடு என்ன, மேலிருந்து போன் வருது" என்று நான்கு வாயிலிருந்து வருவதற்குப் பதிலாக, ஒரு குரல்: "பி பம்ப் டிரிப். ஸ்டாண்ட்பை எடுக்கவில்லை. லோடை 130க்கு இறக்குங்கள்." அவர் திருப்பிச் சொல்ல வேண்டியது, "130க்கு இறக்குகிறேன்." அவ்வளவுதான். விமானிகள் காலங்காலமாக இப்படித்தான் பேசுகிறார்கள். பேச்சு வராத நேரத்துக்கு, கையை உயர்த்தினால் "கேட்டுவிட்டேன், செய்துகொண்டிருக்கிறேன்" என்று பொருள் என முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க உள்ளே வருகிற அதிகாரிகளை வெளியே நிறுத்துவதும் உங்கள் வேலை. எளிதல்ல என்று தெரியும்.

பிறகு அவரிடம் பேசுங்கள். தனியாக, ஷிஃப்ட் முடிந்த களைப்பில் அல்லாமல். "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம் சார்" என்பார், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். பதிவை முன்னால் வைத்து, "இந்த இடத்தில் என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை?" என்று கேளுங்கள். ஒற்றைக் காது ஹெட்செட், திரை வெளிச்சம், ஷிஃப்ட் அட்டவணையை முன்கூட்டியே தருவது, கடைசி நேரத்தில் ஷிஃப்ட் மாற்றாமல் இருப்பது, ஷிஃப்ட் கைமாற்றும்போது வாய்மொழியோடு எழுத்திலும் தருவது என்று சிறு சிறு விஷயங்கள் வெளியே வரும். பெரும்பாலும் காசு செலவில்லாதவை. உங்களிடம் சொன்னதை வேறு யாரிடம் சொல்லலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவர் சம்மதிக்கும்வரை பரிந்துரையில் 'ஆட்டிசம்' என்ற சொல்லே வரக் கூடாது.

உங்கள் பயத்தையும் நான் ஒதுக்கவில்லை. பாய்லர் விளையாட்டல்ல. ஆகவே சிமுலேட்டரில் அதே பம்ப் டிரிப்பைக் கொடுத்துப் பாருங்கள்: ஒருமுறை கூச்சலோடு, ஒருமுறை ஒற்றைக் குரலோடு. அவருக்கு மட்டும் வைத்தால் அது தண்டனை. ஷிஃப்ட் முழுவதற்கும் வையுங்கள். ஒரே அளவையே உற்றுப் பார்த்து மற்றதை விடும் பழக்கம் அவருக்கு இருந்தால், எந்த வரிசையில் எவற்றைப் பார்ப்பது என்று ஓர் அட்டை டெஸ்க்கில் இருக்கட்டும். இத்தனைக்குப் பிறகும் கை நின்றால், பாய்லர் டெஸ்க் அவருக்கானதல்ல என்று நேராகச் சொல்லலாம். அப்போதும், சரிவை முன்கூட்டியே காணும் அந்தக் கண்ணுக்கு, நிலையத்தின் செயல்திறனைக் கவனிக்கும் எஃபிஷியன்சி பிரிவில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கோப்பு தள்ளும் மேசைக்கு அனுப்பாதீர்கள்.

சட்டம் பற்றியும் மேலதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கட்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. உங்களுடையது அரசு நிறுவனம் என்றால், பணியில் பாகுபாடு காட்டாமல், தேவையான பணியிட மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் என்றாலும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. இந்தப் பாதுகாப்பை முறைப்படி கோர அவருக்குச் சான்றிதழ் தேவைப்படும். எடுப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

பரிந்துரையில் இப்போதைக்கு இவ்வளவு எழுதினால் போதும்: நிகழ்வுப் பதிவின் நகலை இணைத்திருக்கிறேன், அலாரங்களின் எண்ணிக்கையும் கோளாறு நேரத்தில் அறையில் நின்றவர்களின் எண்ணிக்கையும் அதிகம், இரண்டையும் குறைத்து, சிமுலேட்டர் பயிற்சி முடித்து, மூன்று மாதம் கழித்து என் கருத்தைச் சொல்கிறேன், அதுவரை பணி மாற்றம் வேண்டாம்.