ரெக்கார்டரில் (வாயால் ஊதும் குழல்) சினிமா மெட்டைத் தனியாக வாசித்தால் நன்றாக இருக்கிறது. நண்பர் கீபோர்டில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) பிடித்ததும் அபஸ்வரமாகிறது. எப்படிப் பழகுவது?

தனியாக வாசிக்கும்போது மெட்டு சரியாக வருகிறது என்றால் விரலில் கோளாறு இல்லை. முதலில் எந்தச் சுருதியில் வாசிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஒலிப்பதிவில் உள்ள சுருதி பாடகரின் வசதிக்கானது. அது சி ஷார்ப்பாக இருந்தால் ரெக்கார்டரில் துளையைப் பாதி மூடுவதும், நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே மூடும் குறுக்கு விரலுமாகத் திண்டாட வேண்டும். சரி, சி-க்கு மாற்றலாம் என்றால், சோப்ரானோ ரெக்கார்டரின் கடைசி சுரமே சி. சட்ஜத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. நம் மெட்டுகளோ பல்லவியிலேயே மந்திர ஸ்தாயி (சட்ஜத்துக்குக் கீழே உள்ள) நிஷாதத்தையும் பஞ்சமத்தையும் தொட்டுவிட்டு வரும். அதனால் சட்ஜத்தை ஜி-யில் வையுங்கள். இடக்கைக் கட்டைவிரலும் அடுத்த மூன்று விரல்களும் மூடினால் சட்ஜம். கீழே டி வரை போனால் பஞ்சமம். மேலேயும் ஒரு ஸ்தாயிக்குக் குறையாமல் இடம் இருக்கிறது. மைனர் மெட்டு என்றால் ஏ மைனர் சௌகரியம்.

ஒன்று கவனியுங்கள்: உங்களுடையது ஜெர்மன் விரலமைப்பு ரெக்கார்டர் என்றால் எஃப் சுலபம், எஃப் ஷார்ப் படுத்தும். ஜி சுருதியில் அந்த எஃப் ஷார்ப்தான் நிஷாதம். பரோக் விரலமைப்பு உள்ள ரெக்கார்டருக்கு மாறிவிடுவது நல்லது.

அடுத்தது மூச்சு. ரெக்கார்டரில் ஊதும் வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். தனியாக வாசிக்கும்போது இது காதில் படாது. வரி முடிவில் மூச்சு தீரத் தீர கடைசி சுரம் சரியும்; அந்த நேரம் பார்த்து கீபோர்டில் கார்டு நீண்டுகொண்டிருந்தால் குட்டு உடைந்துவிடும். நீட்டிக்கொண்டே போகாமல், மூச்சு தளர்வதற்கு முன்பே நாக்கால் சுரத்தை வெட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் ஊதிச் சூடேறிய பிறகு சுருதி பாருங்கள். ஏறியிருந்தால் தலைப்பகுதியை லேசாக வெளியே இழுத்தால் போதும்.

மெட்டு பாட்டு மாதிரி கேட்க, வரியை மனதுக்குள் பாடிக்கொண்டே எழுத்துக்கு ஒரு 'து' என்று நாக்கைப் போடுங்கள். ஒரே எழுத்து இழுபடும் இடத்தில் நாக்கைப் போடாமல் விரலை மட்டும் மாற்றுங்கள். நோட்டேஷன் பார்த்து ஒவ்வொரு சுரத்தையும் தட்டித் தட்டி வாசிப்பவர்களிடம் இந்த இழுவைதான் காணாமல் போகிறது.

இப்போது நண்பருக்கு. ஜி, சி, டி என்ற மூன்று மேஜர் கார்டுகளுக்குள் ஜி மேஜரின் ஏழு சுரங்களும் அடங்கிவிடும். தாளத்தின் முதல் அடியில் விழும் சுரம் எந்தக் கார்டில் இருக்கிறதோ அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். ரிஷபம், அதாவது ஏ விழுந்தால் டி மேஜர். காந்தாரம், பி விழுந்தால் ஜி மேஜரும் பொருந்தும், ஈ மைனரும் பொருந்தும். இரண்டையும் வாசித்துப் பார்த்து காது கேட்கிறதை எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் முழுக் கார்டு கூட வேண்டாம், கார்டின் பெயரில் உள்ள அடிப்படைச் சுரம் ஒன்று போதும். ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் சத்தங்களைத் தவிர்த்து பியானோவோ கிட்டாரோ வைக்கட்டும். அவை தட்டியதும் தேய்வதால் சின்னச் சுருதி வித்தியாசம் உறுத்தாது. மெட்டு கீழ் ஸ்தாயிக்கு வரும்போது சத்தத்தையும் குறைக்கட்டும், அங்கே ரெக்கார்டருக்குக் குரல் கம்மி.

ராகச் சாயல் தூக்கலாக உள்ள மெட்டுகளில் மட்டும் ஜாக்கிரதை. அம்சத்வனி ராகத்தின் சுரங்கள், சட்ஜம் ஜி என்றால், ஜி, ஏ, பி, டி, எஃப் ஷார்ப். ஜி மேஜர், பி மைனர், டி மேஜர் மூன்றும் இதற்குள்ளேயே கிடைத்துவிடும். மோகனம் அப்படி இல்லை: ஜி மேஜரும் ஈ மைனரும் சேரும், டி மேஜர் போட்டால் ராகத்தில் இல்லாத நிஷாதம் நுழையும். இசையமைப்பாளர்கள் தெரிந்தே அப்படி நுழைப்பது உண்டு. பழகும் கட்டத்தில் அந்த இடங்களில் வெறும் சட்ஜம், பஞ்சமம் மட்டும் பிடித்தால் மெட்டு நிற்கும்.