கைத்தையல் கேள்வி – பதில்: பேனாக் கோட்டைத் துணியில் இறக்குவது எப்படி?

கேள்வி: முட்டம் பாறைகளையும் அலையையும் என் மகள் பேனாவால் வரைந்தாள். அதை வெள்ளைக் காட்டன் துணியில் முழுக்கக் காம்புத் தையலாக (ஸ்டெம் ஸ்டிச்) போட்டேன். படத்தில் இருந்த துடிப்பு துணியில் இல்லை. எங்கே தவறு?
– வாசகி, திங்கள்நகர்

பதில்: படத்தின் உருவத்தை எடுத்துவிட்டீர்கள், பேனாவின் அழுத்தத்தை எடுக்கவில்லை. பாறை விளிம்பில் பேனா அழுந்தியிருக்கும். அலை ஓரத்தில் தாளை உரசிவிட்டுப் போயிருக்கும். இரண்டுக்கும் ஒரே தையல், ஒரே கனம் என்றால் படம் தட்டையாகத்தான் கிடக்கும்.

எம்பிராய்டரி நூலில் 6 இழை உண்டு. மெல்லிய கோட்டுக்கு ஒற்றை இழையில், 10-ஆம் எண் ஊசியால், 2 மி.மீ. பேக் ஸ்டிச் (ஒவ்வொரு தையலும் பின்னே திரும்பி முந்தைய தையலின் முனையில் இறங்குவது) போதும். போகப்போகத் தடிக்கிற கோட்டில் நடுவழியில் இழையைக் கூட்டாதீர்கள். கூட்டிய இடம் திட்டாகத் தெரியும். முழுக் கோட்டையும் மெல்லிசாகப் போட்டு முடித்துவிட்டு, தடித்த பகுதிக்கு மட்டும் திரும்பி வந்து, ஒட்டினாற்போல் இன்னொரு வரிசை ஓட்டுங்கள். அதன் முதல் தையலும் கடைசித் தையலும் பழைய வரிசைக்கு அடியில் நுழைந்து முடிய வேண்டும். அப்போதுதான் கோடு கூராக வளர்ந்து கூராக ஒடுங்கும்.

பாறை நிழலின் சாய்கோடு ஒவ்வொன்றும் ஒரு நேர்த்தையல். 1 செ.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம், வளையலில் மாட்டி இழுபடும். நீளம் வேண்டுமென்றால் நூலைத் துணிமேல் படுக்கவைத்து, 5 மி.மீ.க்கு ஒருமுறை ஒற்றை இழையால் குறுக்கே கட்டுங்கள். கோடுகளுக்கு இடையே மகள் விட்ட வெற்றிடத்தை மட்டும் தயவுசெய்து நிரப்பாதீர்கள். பாறையில் வெயில் விழுவது அங்கேதான்.

நுரைப் புள்ளிகளுக்கு பிரெஞ்சு நாட், அதாவது ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் முடிச்சு. புள்ளி பெரிதாக வேண்டும் என்று ஊசியில் நாலைந்து சுற்றுச் சுற்றினால் முடிச்சு தளர்ந்து சாயும். ஒரு சுற்றே போதும். இழையை 2, 3 என்று கூட்டுங்கள். ஊசி மேலே வந்த துளையிலேயே இறக்கினால் முடிச்சு பின்பக்கம் நழுவிவிடும். துணியின் இரண்டு இழை தள்ளி இறக்கி, நூலை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி இழுங்கள்.

அதே துணியில் ஒரு துண்டு வெட்டி, படத்தில் உள்ள கீறல் வகை ஒவ்வொன்றையும் 3 செ.மீ. போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நல்ல துணியில் பிரித்தால் துளை நிற்கும்.

கேள்வி: நீலப் பேனாவில் டிசைன் எடுத்துத் தைத்தேன். தேய்த்த பிறகு கோடு போகவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, கருங்கல்

பதில்: தண்ணீரில் அழியும் பேனா அது, சூடு பட்டால் மை துணியில் பிடித்துக்கொள்ளும். சோப்பும் இஸ்திரியும் படுவதற்கு முன், பச்சைத் தண்ணீரில் முக்கி அலச வேண்டும். சூட்டில் மறையும் பேனாவோ கடுங்குளிரில் திரும்பத் தெரியும். கனடா மாதிரிக் குளிர்நாட்டுக்கு அனுப்பும் வேலைக்கு அது வேண்டாம்.

நுணுக்கமான கீறல்களுக்குப் பழைய வழியே நம்பகம். ட்ரேசிங் தாளில் கோடு நெடுக நெருக்கமாக ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் துணியில் புள்ளிப் புள்ளியாக இறங்கும். கருந்துணி என்றால் ஜிங்க் வெள்ளைப் பொடி. (நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் பின்னலிலும் வடிவம் இப்படித் துளை குத்தித்தான் எடுக்கப்படும்.) பஞ்சு சொட்டச் சொட்ட இருந்தால் புள்ளி பரவிவிடும், பிழிந்து தொடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

கேள்வி: பாதி வேலையில் ஊசியைக் குத்தி வைத்தேன். துருக்கறை பிடித்துவிட்டது.
– வாசகி, குளச்சல்

பதில்: உப்புக்காற்றும் இரண்டு பருவ மழையும் உள்ள ஊரில் ஒரு ராத்திரியே போதும், ஊசி துருப்பிடிக்க. வெள்ளைக் காட்டனில் கறைமேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு அலசுங்கள். வண்ண நூலில் சாறு படக்கூடாது, வெளுத்துப்போகும். துணியை இறுக்கிப் பிடிக்கும் வட்டப் பிரேமையும் அன்றன்றே கழற்றிவிடுங்கள். அது அழுத்திய வட்டத்தில் அழுக்கு படிந்தால் எடுப்பது கறையைவிடக் கஷ்டம்.