வியாழக்கிழமை விருந்துக்குச் சனிக்கிழமையே வேலை

சமையலறைக் கேள்வி - பதில்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி நவிலும் நாள். அங்கிருந்து வந்த கேள்விகள் எல்லாம் வான்கோழியையே சுற்றிச் சுற்றி வருகின்றன.

மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கு 10 பேர் சாப்பிடுகிறோம். மருமகன் முழு வான்கோழிதான் வேண்டும் என்கிறார். எவ்வளவு பெரிதாக வாங்குவது? எப்போது வெளியே எடுத்து வைப்பது?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

எலும்போடு சேர்த்து ஆளுக்கு 1 முதல் 1½ பவுண்டு. உங்களுக்கு 12 பவுண்டு (5.4 கிலோ) போதும். மறுநாள் சாண்ட்விச்சுக்கும் வேண்டுமென்றால் 14. மலிவாக வருகிறதே என்று 20 பவுண்டில் கை வைக்காதீர்கள். உருகவும் நாளாகும், வேகவும் நேரமாகும்.

வெளியே எடுத்து வைக்கவே வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். அடியில் ஒரு விளிம்பு வைத்த தட்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் ரத்தநீர் காய்கறி மேல் வடியும். ஒவ்வொரு 4 பவுண்டுக்கும் ஒரு முழு நாள் என்பது கணக்கு. 12 பவுண்டுக்கு 3 நாள். உப்புப் பூசி வைக்க இன்னும் ஒன்றரை நாள். ஆகவே சனிக்கிழமை இரவு மாற்றினால் செவ்வாய் இரவு உப்புப் போடலாம், வியாழன் பகல் ஓவனில் வைக்கலாம்.

புதன் இரவு பார்த்தால் வயிற்றுக்குள் இன்னும் ஐஸ் கட்டி. இப்படி ஆனால் என்ன செய்வது?
- வாசகர், டல்லாஸ்

உறையைப் பிரிக்காமல், கசியாத பையில் போட்டு, பறவை முழுதும் மூழ்கும்படி குளிர்ந்த நீரில் வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். கல்லாக உறைந்திருந்தால் பவுண்டுக்கு 30 நிமிடம், அதாவது 12 பவுண்டுக்கு 6 மணி நேரம். கொஞ்சம் ஐஸ்தான் மிச்சம் என்றால் ஓரிரு மணியில் விட்டுவிடும். வெந்நீர் ஊற்றக் கூடாது. உள்ளே உறைந்தே இருக்க, வெளிச்சதை கிருமி வளரும் சூட்டுக்கு வந்துவிடும். இப்படி உருக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

இன்னொன்று: வயிற்றுக்குள் கழுத்தும், கழுத்துப் பக்கம் தோலுக்கடியில் ஈரலும் இரைப்பையும் வைத்த பொட்டலமும் இருக்கும். சில பறவைகளில் இடம் மாறியிருக்கும், இரண்டு பக்கமும் கைவிட்டுத் துழாவுங்கள். ஈரலைத் தனியே வையுங்கள், கசக்கும். மற்றவை கிரேவிக்கான சாறுக்கு.

மஞ்சள் போட்டுக் கழுவாமல் கறி சமைத்து எனக்குப் பழக்கமில்லை. உப்பு எவ்வளவு? போன வருடம் நெஞ்சுக்கறி வைக்கோலாக இருந்தது, தொடையோ வேகவில்லை.
- வாசகி, சார்லட், வட கரோலினா

கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு சால்மோனெல்லா கிருமி சிங்க், மேடை, பக்கத்திலிருக்கும் கொத்தமல்லி வரை போய்ச் சேரும். பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள்தான் வேண்டுமென்றால் உப்போடு கலந்து பூசுங்கள்.

முதலில் லேபிளைப் படியுங்கள். உப்புநீர் செலுத்தப்பட்டது என்று எத்தனை சதவீதமோ போட்டிருந்தால் மேலும் உப்பு வேண்டாம். அப்படி இல்லாத 12 பவுண்டுக்கு 40 கிராம். எடை போடுவதுதான் சரி. இங்கே கறிக்குப் போடும் கோஷர் உப்பு (பெரிய மணி உப்பு) கம்பெனிக்குக் கம்பெனி மணி அளவு மாறும், கரண்டிக் கணக்கு காலை வாரும். நெஞ்சிலும் தொடையிலும் அதிகம், இறக்கையில் கொஞ்சம். பிறகு மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் தோலின் மேல் நீர் கோக்கும், பதற வேண்டாம். அந்த நீரே உப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே திரும்பும். மேல்தோல் காகிதம் போலக் காய்ந்துவிடும், ஓவனில் மொறுமொறுப்பது அதனால்தான்.

நெஞ்சு காய்ந்ததற்கு உப்பு காரணமில்லை. நெஞ்சில் கொழுப்பு குறைவு, மேலே துருத்திக்கொண்டு நேரடியாகச் சூடு வாங்குகிறது. தொடை உடம்போடு ஒட்டியிருப்பதால் சூடு தாமதமாக ஏறுகிறது. தொடை வேகும்வரை விட்டால் நெஞ்சு சாறு முழுவதையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (163 செல்சியஸ்) வையுங்கள்; நெஞ்சுத் தோல் பொன்னிறமானதும் அந்த இடத்தை மட்டும் ஃபாயிலால் மூடுங்கள். 12 பவுண்டுக்கு சுமார் 3 மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். தெர்மாமீட்டர் முனை எலும்பில் படாமல் தொடையின் தடித்த இடம், நெஞ்சின் தடித்த இடம், இறக்கையின் உட்பக்கம் என மூன்று இடத்திலும் 165 டிகிரி (74 செல்சியஸ்) காட்ட வேண்டும். பறவையிலேயே குத்தி வரும் பிளாஸ்டிக் பொத்தான் பெரும்பாலும் நெஞ்சு வறண்ட பிறகுதான் மேலே எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மேசையில் முழுப் பறவை வைக்க வேண்டும் என்ற ஆசை இல்லையென்றால், கத்தரிக்கோலால் முதுகெலும்பை வெட்டி எடுத்து, நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கி, 425 டிகிரியில் வையுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடியும், இரண்டு கறியும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். நாங்கள் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஓவன் ஒன்றுதான். மற்ற பதார்த்தங்களை எப்போது வைப்பது?
- வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

இறக்கிய பறவை அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், சூட்டோடு அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடும். அந்த அரை மணிதான் உங்களுக்கு ஓவன் கிடைக்கும் நேரம். மாலை 4 மணிக்குச் சாப்பாடு என்றால் பறவை 12-க்கு உள்ளே, 3-க்கு வெளியே. உடனே சூட்டை 375-க்கு ஏற்றி, ஸ்டஃபிங்கையும் (மசாலா சேர்த்த ரொட்டித் துண்டுக் கலவை) பீன்ஸ் கேசரோலையும் (சூப்போடு கலந்து ஓவனில் வேகவைக்கும் பீன்ஸ்) வையுங்கள். கிரான்பெர்ரி சாஸ் செவ்வாயே ஆகட்டும்: 12 அவுன்ஸ் பழம், 1 கப் சர்க்கரை, 1 கப் தண்ணீர், பழம் வெடிக்கும்வரை 10 நிமிடம். தண்ணியாக இருக்கிறதே என்று மேலும் காய்ச்சாதீர்கள், ஆறினால் தானே இறுகும். பை (pie, மாவுக்கூட்டில் பூரணம் வைத்துச் சுடும் இனிப்பு) புதன்கிழமை.

ஸ்டஃபிங்கைப் பறவைக்குள் அடைப்பதை விட்டுவிடுங்கள். அதன் நடுவும் 165 தொட வேண்டும். அதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும்.

கிரேவி கட்டி தட்டுகிறது. உருளைக்கிழங்கு மசியல் கோந்து மாதிரி இழுக்கிறது.
- வாசகர், அட்லாண்டா

இரண்டும் மாவுச்சத்து செய்கிற வேலை. கிரேவிக்கு, தட்டில் வடிந்த கொழுப்பில் ½ கப், மைதா ½ கப். பச்சை வாசனை போகும்வரை வறுத்து, 4 கப் சாறைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி விஸ்க்கால் அடியுங்கள். முதல் கப்பில் கெட்டிக் களியாகத் தெரியும், அங்கேயே கட்டியில்லாமல் நன்றாகக் கிளறிவிட்டால் அப்புறம் வராது. உப்பில்லாத சாறே எடுங்கள், தட்டில் வடிந்ததிலேயே உப்பு இருக்கும்.

கிழங்கை நீங்கள் மிக்ஸியில் அடித்திருப்பீர்கள். பிளேடு அணுக்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே விடுகிறது. அப்புறம் வெண்ணெய் எவ்வளவு போட்டாலும் தேறாது. 10 பேருக்கு 5 பவுண்டு. குளிர்ந்த உப்புநீரில் போட்டு வேகவைத்து, வடித்து, அடுப்பில் ஒரு நிமிடம் ஈரம் போக உலர்த்தி, கையால் மசித்து, முதலில் வெண்ணெய், பிறகு சூடான பால்.

நாங்கள் சைவம். வான்கோழியைத் தவிர மற்றதெல்லாம் சாப்பிடலாம்தானே?
- வாசகி, சியாட்டில்

பார்த்துச் சாப்பிடுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் போடும் மார்ஷ்மேலோவில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பெட்டி ஸ்டஃபிங்கில் பெரும்பாலும் கோழிச்சாறு. கடையில் வாங்கும் சில பை மாவில் பன்றிக்கொழுப்பு. கிரேவிக்கு வெங்காயத்தையும் காளானையும் கருக வதக்கி, காய்ந்த காளான் ஊறிய நீர், சோயா சாஸ் சேர்த்துப் பாருங்கள். அசைவர்களும் அதையே ஊற்றிக்கொள்வார்கள்.

பரங்கிக்காயில் பை செய்யலாமா?
- வாசகி, ஹூஸ்டன்

செய்யலாம், நீர் போக வேண்டும். வேகவைத்து மசித்து, அல்வா போல் வாணலியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறுங்கள். அதில் 1¾ கப், 2 முட்டை, ¾ கப் சர்க்கரை, 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க் (டின்னில் வரும், சர்க்கரை சேர்க்காத சுண்டிய பால்). 425-ல் 15 நிமிடம், பிறகு 350-ல் 40 முதல் 50. நடு மட்டும் லேசாக ஆடும்போதே எடுங்கள், ஆடாமல் நின்றால் ஆறும்போது விரிசல் விடும்.

இதெல்லாம் 1621-லிருந்தே வருகிறதா?
- வாசகர், கோவை

இல்லை. 1621-ல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் வைத்த அறுவடை விருந்துதான் இந்த நாளின் தொடக்கம் என்பார்கள். அதற்கு அந்த மண்ணின் பழங்குடிகளான வாம்பனோக் மக்கள் 5 மான்கள் கொண்டுவந்தார்கள், குடியேறியவர்கள் பறவைகளைச் சுட்டு வந்தார்கள். உருளைக்கிழங்கு இல்லை. அதிபர் லிங்கன் இதைத் தேசிய நாளாக அறிவித்தது 1863-ல். பீன்ஸ் கேசரோல் 1955-ல்தான் வந்தது, நியூ ஜெர்சி கேம்டனில் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில்.

முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கலாம் என்று என் பையன் அடம்பிடிக்கிறான்.
- வாசகி, ராலே

ஈரக் கரண்டி பட்டாலே எண்ணெய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே ஒளிந்திருக்கும் ஐஸ் ஒரே நொடியில் ஆவியாகி, பொங்கும் எண்ணெய் பர்னரில் கொட்டும். அமெரிக்க வீடுகளில் சமையலறைத் தீ விபத்து அதிகம் நடப்பது இந்த ஒரு நாளில்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.