நெக்ஸஸ் நிற்கிறது, மரீன்கள் போய்விட்டார்கள்: குண்டில் என்ன கோளாறு?

கேள்வி: ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டில் டெரன் படையை எடுத்து ஆடுகிறேன். கோஸ்ட் வீரனை மறைத்துக் கொண்டுபோய், எதிரியின் தலைமைக் கட்டடமான நெக்ஸஸ் நடுவிலேயே அணுகுண்டை இறக்கினேன். நெக்ஸஸ் அசையவில்லை. சில நிமிடங்களில் அடிபட்ட அடையாளமே இல்லை. ஆனால் நன்றாகத் தள்ளி நிறுத்தியிருந்த என் மரீன்கள் பத்துப் பேரும் இறந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கணினிக் கடைக்காரர், "உன்னிடம் இருப்பது இலவசப் பதிப்பு. அதில் குண்டுக்குப் பாதி வலுதான். 600 ரூபாயும் பாஸ்வேர்டும் கொடு, முழு வலுவுக்கு ஃபைல் போட்டுத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால், படிப்பதை இங்கேயே நிறுத்தி, அதை மாற்றிவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் குண்டில் பழுது ஒன்றும் இல்லை. பொத்தானின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு குறிப்பு வரும்: சேதம் 300 வரை, கட்டடமானால் கூடுதலாக 200. அந்த "வரை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மொத்தக் கணக்கையும் மடித்து வைத்துவிட்டார்கள். வட்டத்தில் எங்கே நின்றால் எவ்வளவு அடி என்று இன்னும் ஒரு வரி எழுதினால் யார் சொத்து குறைந்துவிடும்? சமநிலை, சமநிலை என்று ஆண்டுக்கணக்காக எண்களை மாற்றிக்கொண்டே இருந்தவர்களுக்கு இந்த ஒரு வரிக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 600 ரூபாய்க்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

அந்த விடுபட்ட வரி இதுதான். கட்டடம் வைக்கும்போது தரையில் தெரியும் சிறு சதுரத்தை ஒரு கட்டம் என்று கொள்ளுங்கள். நெக்ஸஸ் ஐந்துக்கு ஐந்து கட்டம், அதை வைத்துக் கண்ணளவு பழகலாம். குண்டு விழும் புள்ளியிலிருந்து 4 கட்டம் வரை முழு அடி: படைக்கு 300, கட்டடத்துக்கு 500. நான்கிலிருந்து ஆறு வரை பாதி. ஆறிலிருந்து எட்டு வரை கால் பங்கு, அதாவது படைக்கு 75, கட்டடத்துக்கு 125. எட்டுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. கதிர்வீச்சும் கிடையாது. புகை அடங்கியதும் படையை உள்ளே நடத்திப் போகலாம்.

இப்போது உங்கள் மரீன்களைப் பாருங்கள். ஒரு மரீனின் உயிர்ப்புள்ளி 45. கேடயம் வாங்கிக் கொடுத்திருந்தாலும் 55. அவர்கள் ஏழு கட்டம் தள்ளி நின்றிருப்பார்கள். உங்கள் கண்ணுக்கு அது தூரம். ஆனால் அங்கே விழுவது 75. குண்டு யாருடையது என்று அது பார்ப்பதில்லை, பத்துப் பேரும் போய்விட்டார்கள். அதே குண்டில் ஐந்து கட்டம் தள்ளி, இன்னும் நெருக்கத்தில், உங்கள் டேங்க் ஒன்று நின்றிருந்தால் பிழைத்திருக்கும். டேங்குக்கு 175, அங்கே விழும் அடி 150. அது 25 புள்ளியோடு உருண்டு வெளியே வந்திருக்கும்.

நெக்ஸஸ் கதை வேறு. அதற்கு 1,000 உயிர்ப்புள்ளி, அதன் மேல் 1,000 கவசம். நடுவில் விழுந்தாலும் உங்கள் குண்டு எடுத்தது 500, அதுவும் கவசத்திலிருந்து மட்டும். சுவரை அது தொடவே இல்லை. நெக்ஸஸ் புரோட்டாஸ் படையின் கட்டடம். புரோட்டாஸ் கவசம், சற்று நேரம் அடி விழாமல் இருந்தால் தானாக நிரம்பிக்கொள்ளும். நிரம்பிவிட்டது. நெக்ஸஸைக் குண்டாலேயே வீழ்த்த வேண்டுமென்றால் நான்கு வேண்டும், கவசம் மறுபடி நிரம்புவதற்குள் நான்கும் விழ வேண்டும். குண்டு தயாராகும் கட்டடமான கோஸ்ட் அகாடமி ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான் இருக்கும். நான்கு அகாடமி கட்டும் வசதி இருப்பவருக்குக் குண்டே தேவைப்படாது.

பழைய நினைவில் பேசுகிறவர்களும் இங்கே குழப்புவார்கள். 1998இல் வந்த முதல் ஸ்டார்கிராஃப்டில் அடி 500, அல்லது இலக்கின் மொத்தப் புள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு, எது அதிகமோ அது. அங்கே குண்டு உண்மையிலேயே கட்டடம் இடிக்கும் ஆயுதம். அந்தக் காலத்து வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டாம் ஆட்டத்தில் நெக்ஸஸைக் குறிவைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எதிரி டெரன் என்றால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். இதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தவறாகச் சொல்லித்தருகிறவர்கள் நிறையப் பேர். டெரன் கட்டடத்தின் புள்ளி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால், யாரும் தொடாமலே எரிந்து எரிந்து விழுந்துவிடும். டெரன் வேலையாளான எஸ்.சி.வி. வந்து பழுது பார்த்தால்தான் தீ அணையும். டெரனின் தலைமைக் கட்டடமான கமாண்ட் சென்டருக்கு 1,500. இரண்டு குண்டு நடுவில் விழுந்தால் மீதி 500, அதாவது சரியாக மூன்றில் ஒரு பங்கு. எரியாது. அதன் பிறகு நாலு மரீன் ஒரு முறை சுட்டால் எரியத் தொடங்கும். மரீன்களை உருவாக்கும் பாரக்ஸுக்கு 1,000. ஒரு குண்டுக்குப் பின் மீதி 500, எரியும் எல்லை 333. அந்த இடைவெளியை நீங்கள் சுட்டுத்தான் கடக்க வேண்டும். புகையைப் பார்த்ததும் "எரிகிறது, வேலை முடிந்தது" என்று படையைத் திருப்பாதீர்கள். புகையும் சிறு தீயும் அதற்கு முன்பே காட்சிக்காக வந்துவிடும். உயிர்ப்பட்டை சிவப்பாக மாறியதா என்று பாருங்கள். சிவந்த பிறகு அங்கே ஒரு எஸ்.சி.வி.யைக் கண்டால் முதலில் அதைச் சுடுங்கள், கட்டடத்தை அல்ல. உங்கள் கட்டடத்துக்கும் இதே விதிதான்.

சரி, குண்டை எங்கே போடுவது? ஒரு குண்டின் விலை 100 மினரல், 100 கேஸ். இரண்டும் ஆட்டத்தில் வேலையாட்கள் சேர்க்கும் வளங்கள். மினரல் வரிசையில் வேலை செய்யும் ஆட்கள் பொதுவாக 16 பேர், தலைக்கு 50. மொத்தம் 800 மினரல். புரோப், எஸ்.சி.வி., டிரோன் எதுவானாலும் 45 புள்ளிக்கு மேல் இல்லை. வெளி வளையத்தின் 75 போதும். ஆகவே மையத்தை நெக்ஸஸுக்கும் மினரலுக்கும் நடுவே வையுங்கள். எதிரிக்கும் எச்சரிக்கைக் குரல் கேட்கும், குண்டு இறங்க 14 நொடி ஆகும், அவன் ஆட்களை ஓட்டிவிடுவான். ஓட்டட்டும். அவர்கள் ஓடித் திரும்பும் வரை அவனுக்கு அங்கே வருமானம் இல்லை. அந்த நேரத்தில் வேறு பக்கம் சண்டையைத் தொடங்கினால், இரண்டில் ஒன்றை அவன் கோட்டைவிடுவான். (பழைய கையேடுகளில் 20 நொடி என்று இருக்கும். அதுவும் இதே நேரம்தான், அப்போது விளையாட்டின் கடிகாரம் வேறு வேகத்தில் ஓடியது. இதற்கும் யாரும் ஒரு குறிப்புப் போடவில்லை.)

ஆட்களுக்கு அடுத்தபடி, ஓட முடியாத சிறு கட்டடங்கள். புரோட்டாஸ் படைக்கு இடமும் கட்டடங்களுக்கு மின்சாரமும் தரும் பைலானுக்குக் கவசமும் உயிரும் சேர்த்து 400தான், உள் வட்டத்தில் மாட்டினால் போய்விடும். மூன்று பைலான் நெருக்கமாக நிற்கும் இடத்தில் போட்டால் 24 பேருக்கான இடம் ஒரே அடியில் குறையும், அவற்றை மட்டும் நம்பியிருந்த, படை உருவாக்கும் கேட்வேக்கள் மின்சாரம் இல்லாமல் நிற்கும். டெரன் எதிரியானால் சப்ளை டிப்போ, டெக் லேப், ரியாக்டர் மூன்றுக்கும் 400தான்.

கோஸ்ட் 12 கட்டத் தொலைவிலிருந்தே குறிவைக்கலாம். அதை உள்ளே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். குண்டு வருவதற்குள் அது செத்தால் குண்டும் சேர்ந்து போய்விடும்.

இனி அந்த 600 ரூபாய். 2017 நவம்பரிலிருந்து இந்த விளையாட்டின் பலபேர் ஆடும் பகுதி எல்லோருக்கும் இலவசம். காசு கொடுத்தால் கிடைப்பது கூடுதல் கதைப் பகுதிகள், கூட்டாட்டத் தளபதிகள், தோற்ற அலங்காரம். குண்டின் எண் எல்லோருக்கும் ஒன்றுதான். ஃபைல் போட்டு அதை உயர்த்தவும் முடியாது. இணையத்தில் ஆடும்போது உங்கள் கணினியும் எதிரியின் கணினியும் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகின்றன. உங்களுடையதில் மட்டும் 500ஐ 1,000 ஆக்கினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது, ஆட்டம் அங்கேயே முறிந்துவிடும். கடைக்காரர் வேண்டுவது உங்கள் விளையாட்டுக் கணக்கு (அக்கவுன்ட்). அதை வேறொருவருக்கு விற்பார், அல்லது திருட்டு மென்பொருள் ஓட்டித் தடை வாங்கித் தருவார். தடை விழுந்த பிறகு முறையிட்டால் "கணக்கின் பாதுகாப்பு உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்தாற்போல ஒரு பதில் வரும். எனக்கு வந்திருக்கிறது. வேறொரு விளையாட்டில், இதேபோல ஒரு "அண்ணனை" நம்பியதற்கு.

பயிற்சிக்குக் கணினியை எதிரியாக வைத்து ஓர் ஆட்டம் தொடங்குங்கள். உங்கள் மரீன்களையே மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது கட்டத்தில் ஒவ்வொருவராக நிறுத்தி நடுவில் குண்டைப் போடுங்கள். ஒன்பதில் நிற்பவர் மட்டும் மிஞ்சுவார்.