மரக் கடிகாரம்: கேள்வி – பதில்

கோடையில் ஒழுங்காக ஓடிய என் மரக் கடிகாரம், ஐப்பசி மழை பிடித்ததும் நின்று நின்று போகிறது. சக்கரங்கள் தேக்குப் பலகையில் அறுத்தவை. கடிகாரத்தை ஓட்டும் எடையைக் கூட்டலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

வேண்டவே வேண்டாம், பல்தான் தேயும். பெண்டுலம், ஆங்கர் (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் கொக்கி), எடை மூன்றையும் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரத்தை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஒரு சுற்றில் எதிரெதிராக இரண்டு இடங்களில் இறுகினால் சக்கரம் முட்டை வடிவமாகிவிட்டது என்று பொருள். ஈரம் ஏறும்போது மரம் ரேகையின் (நார் ஓடும் வரியின்) நீளவாக்கில் அநேகமாக வளராது, குறுக்கே வீங்கும். 150 மி.மீ. சக்கரம் சென்னை மழைக்காலத்தில் குறுக்கே ஒரு மி.மீ. வரை வீங்கலாம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விட்ட இடைவெளியே அவ்வளவு இருக்காது. சுற்று முழுவதும் ஒரே சீராக இறுகினால் சாஃப்ட் (சக்கரத்தின் அச்சு) சுழலும் துளையைப் பாருங்கள்; மரத்துளைக்குப் பதில் பித்தளை புஷ் (துளைக்குள் பொருத்தும் குழாய்) போடுங்கள்.

முட்டை வடிவத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யாதீர்கள். தை, மாசியில் மரம் சுருங்கியதும் அதே பற்கள் தளர்ந்து ஆடும். சக்கரத்தையே மாற்றுவதுதான் வழி. ரேகை மாறி மாறி ஒட்டிய பிர்ச் பிளைவுட் நல்லது. சாதாரண பிளைவுட்டில் நடு அடுக்கில் பொந்து இருக்கும், அந்த இடத்தில் பல் உடையும். தேக்குதான் வேண்டுமென்றால் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் 18-ஆம் நூற்றாண்டில் ஓக் மரத்தில் செய்த முறையைப் பின்பற்றலாம்: ரேகை மையத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடும்படி பற்களைத் துண்டு துண்டாக அறுத்து, விளிம்பில் பள்ளமெடுத்துப் பதிப்பது. வேலை அதிகம், ஆனால் பல் முறியாது.

அரக்கு பாலிஷை இருபுறமும் ஒரே அளவு பூசுங்கள். ஒருபுறம் மட்டும் பூசினால் சக்கரம் வளையும். மழைக்கு முன்பே பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

பற்களுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, பெரம்பூர்

எந்த எண்ணெயும் கூடாது. மரம் குடித்து வீங்கும், தூசு ஒட்டும். மெல்லிய பென்சில் தூள் போதும். பால் பேரிங் போட்டிருந்தால் உள்ளிருக்கும் கிரீஸைப் பெட்ரோலில் கழுவி, உலர்ந்தபடியே மாட்டுங்கள். அந்த கிரீஸின் இழுவையே கடிகாரத்தை நிறுத்திவிடும்.

என் கடிகாரத்தில் ஒரு விநாடி பெண்டுலம் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி). நாளுக்கு 2 நிமிடம் பின்தங்குகிறது. என்ன செய்ய?
– வாசகர், மயிலாப்பூர்

சென்னையில் அதன் நீளம் ஏறக்குறைய 99.1 செ.மீ. அதில் ஒரு மி.மீ. குறைத்தால் நாளுக்கு சுமார் 44 விநாடி முந்தும். அடியிலுள்ள நட்டின் புரி ஒரு மி.மீ. (ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. ஏறும்) என்றால், இரண்டே முக்கால் சுற்று மேலே ஏற்றுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே அடுத்த திருகல்.